நாலாம் மாடிக் காத்து

எனக்கு ஒரு விசயத்திலை முடிவு வேணுமெண்டால் நாலு பேரிட்டைக் கேப்பன். நாலு பேரும் நாலு விதமாச் சொல்லுவினம். கடைசியா எங்கடை இவரிட்டைக் கேப்பன். இவர் ஒண்டுமே சொல்லமாட்டார். அதோடை என்ரை தலை பூராவும் குழம்பிப் போகும். நாப்பது வருசமா இதுதான் எங்கடை வீட்டு நடைமுறை. சேலை எடுக்கிறதெண்டாலும் சரி, மாடு விக்கிறதெண்டாலும் சரி. ஆனா இந்த முறை விசயம் சேலையுமில்லை, மாடுமில்லை. யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு பிளாற் வாங்கிறதோ விடுறதோ எண்டது.

என்ரை பேர் குணலட்சுமி. சுன்னாகத்துக்கும் உடுவிலுக்கும் இடையிலை ஒரு ஒழுங்கை இருக்கு, அதிலை ஆறாவது படலை எங்கடை. வீடும் வளவும் என்ரை சீதனம். இவர், தம்பிராசா, மின்சாரப் பகுதியிலை முப்பத்தொரு வருசம் கம்பத்திலை ஏறி இறங்கிப் பென்சன் எடுத்தவர். இப்ப எழுபது வயசு. ஒரேயொரு மகன் கோபிசங்கர், நோர்வேயிலை ஒஸ்லோவிலை. அவன்தான் இந்தக் கோதாரியைத் தொடக்கினது.

"அம்மா, ரண்டு பேரும் அந்தப் பெரிய வளவுக்கை தனியக் கிடந்து என்ன செய்யிறியள்? ரவுணிலை புதுசா ஒரு சிற்றி மாதிரிக் கட்டுறாங்கள். லிப்ற் இருக்கு, காவல் இருக்கு, கீழை மருந்துக்கடை வரப்போகுது. பெரியாஸ்பத்திரிக்கு ஆறு நிமிசம். போய்ப் பாருங்கோ. பாத்தாக் காசோ கேக்கப் போறாங்கள்?"

ஆஸ்பத்திரி எண்டு அவன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ரண்டு வருசத்துக்கு முன்னம், ஐப்பசி மழைக்கை, நான் குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டிருந்தாப்போலை விழுந்திட்டன். நெஞ்சிலை அடைப்பு. ஒழுங்கைக்குள்ளை வெள்ளம், ஓட்டோ வராது. எங்கடை ஒழுங்கையிலை பதினொரு வீடு, ஏழு வீட்டிலை பூட்டு, மிச்ச நாலிலை எங்களைப்போலை கிழடுகள். இவர் என்னைக் கைக்கதிரையிலை இருத்தி, தான் உடுக்கிற சாரத்தாலை கட்டி, கதிரையைப் பின்னுக்குச் சாய்ச்சு, ஒழுங்கை முகப்பு மட்டும் தனிய இழுத்துக்கொண்டு போனவராம். எனக்கு ஒண்டும் நினைவில்லை. விறாந்தைப் படியிலை கதிரையின்ரை பின்கால் இறங்கின சத்தம் மட்டும் நினைவிருக்கு. டக். டக். டக். மூண்டு தரம். பிறகு நெஞ்சுக்குள்ளை ஸ்டென்ட் வச்சு, மெலியச் சொல்லி, மாடிப்படி ஏறாதையுங்கோ எண்டு டொக்டர் சொல்லி விட்டவர். எங்கடை வீட்டிலை எங்கை மாடி எண்டு அப்ப நான் சிரிச்சனான்.

சரி, போய்ப் பாத்தம். கட்டடத்துக்குப் பேர் 'வடலி ரெசிடென்சீஸ்'. மருந்துக்கும் ஒரு இளம் பனை, ஒரு வடலி இல்லை. எல்லாம் சீமெந்தும் கண்ணாடியும். கீழை முழுக்க கார் விடுற இடம், முதலாம் மாடியிலை இருந்து ஆறாம் மாடி மட்டும் வீடுகள். தனுசியா எண்டு ஒரு பிள்ளை, வடிவா உடுத்தி, கையிலை பைலோடை வந்து, "வாங்கோ அன்ரி, வாங்கோ அங்கிள்" எண்டு கூட்டிக்கொண்டு போச்சுது.

முதலிலை முதலாம் மாடியைக் காட்டிச்சுது. சீ, அதையும் ஒரு வீடெண்டு! யன்னலைத் திறந்தால் பக்கத்து மதில். பல்கனிக்கு நேர கீழை ஜெனறேற்றர். "பிள்ளை, எங்கடை மாட்டுக் கொட்டிலுக்கை இதைவிடக் காத்து வரும்" எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன். தனுசியா சிரிச்சுப்போட்டு, "அதுதான் அன்ரி முதலாம் மாடி ஒண்டும் இன்னும் விலைபோகேல்லை" எண்டுது.

பிறகு லிப்ற்றிலை நாலாம் மாடி. கதவைத் திறந்து பல்கனிக்குப் போனால்... என்னெண்டு சொல்ல! பண்ணைக் கடல் பரந்து கிடக்குது. அங்காலை தீவுப் பக்கம் புகைபோலை தெரியுது. காத்தெண்டால் காத்து. தலைமயிரெல்லாம் கலைஞ்சு, சேலைத் தலைப்பு பறந்து போய் இவரின்ரை மூஞ்சையிலை அடிச்சுது. எங்கடை வீட்டிலை காத்து வந்தால் மாவிலை விழும், வேப்பம்பூ விழும், நான் விளக்குமாத்தைத் தூக்கோணும். இஞ்சை காத்து வந்தால் காத்து மட்டும்தான். அறுபத்திநாலு வயசிலை நான் அந்த இடத்திலை நிண்டு பள்ளிக்கூடத்துப் பெட்டைபோலை சிரிச்சனான். உண்மையைச் சொல்லுறன், எனக்கு அந்த வீடு வேணும்போலை கிடந்துது. அவ்வளவு ஆசையா எனக்கு ஒரு பொருளிலை இதுக்கு முன்னம் வந்ததில்லை.

திரும்பிப் பாத்தன், இவரைக் காணேல்லை. வெளியிலை லிப்ற்றுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறார். கையிலை அளவெடுக்கிற அந்த இரும்பு ரேப். கதவின்ரை அகலத்தை அளந்து, உள்ளுக்குப் போய் நீளத்தை அளந்து, சட்டைப் பொக்கற்றிலை இருந்த துண்டிலை எழுதுறார். தனுசியா, "என்ன அங்கிள் பாக்கிறியள்? கட்டில், மேசை, தளபாடம் எல்லாம் வடிவாக் கொண்டு வரலாம்" எண்டுது. "ஒண்டுமில்லை பிள்ளை" எண்டுபோட்டு இவர் படிக்கட்டுப் பக்கம் போனார். படி திரும்பிற இடத்தையும் அளந்தார். குறுக்காலை ஒருக்கா, மூலைக்கு மூலை ஒருக்கா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. ஏனெண்டால் அந்த ரேப் எதுக்கெண்டு எங்கடை பக்கத்திலை எல்லாருக்கும் தெரியும். ஊரிலை ஒரு செத்தவீடு எண்டால் முதல் போய் நிக்கிற ஆள் இவர்தான். அந்த ரேப்பாலை ஆளின்ரை நீளத்தைப் பாத்து, பெட்டிக்குச் சொல்லி, பந்தல்காரனைப் பிடிச்சு, பெட்டி படலையாலை திரும்புமோ, இல்லாட்டி வேலியைப் பிரிக்கிறதோ எண்டு முடிவெடுக்கிறதும் இவர்தான். ஒண்டும் வாய் திறந்து சொல்லாத மனிசன், செத்தவீட்டிலை மட்டும் எல்லாரையும் அதிகாரம் பண்ணுவார். அப்ப லிப்ற்றை அளக்கிறார் எண்டால் ஏன் அளக்கிறார் எண்டு எனக்குச் சோதிடம் பாக்கோணுமோ?

ஓட்டோவிலை வரேக்கை கேட்டன். "இஞ்சருங்கோப்பா, இன்னும் பால் காய்ச்சேல்லை, அதுக்குள்ளை பெட்டிக்கு அளவெடுக்கிறியளோ? என்ரை பெட்டிக்கோ, உங்கடை பெட்டிக்கோ?"

"ரண்டுக்குமில்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"சும்மா."

சும்மாவாம்! இந்தச் சும்மாவோடை நாப்பது வருசம் நான் குடும்பம் நடத்தியிருக்கிறன்.

பக்கத்து வீட்டு நேசமலரிட்டைச் சொன்னன். மலர் என்ரை வயசுதான், ஞாயிறு தவறாமல் உடுவில் தேவாலயத்துக்குப் போறவ. அவ வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவ. "அண்ணை பாக்கிறதிலை பிழையில்லை குணம். அஞ்சரை அடிப் பெட்டி லிப்ற்றுக்குள்ளை கிடத்தேலாது. நிமித்தித்தான் கொண்டு போகோணும். நீர் நிண்ட நிலையிலை போவீர்."

"வாயைக் கழுவும் மலர்."

ஆனா அவ சொன்னது என்ரை மண்டைக்குள்ளை இருந்திட்டுது. அங்கை செத்தால் எங்கை கிடத்திறது? பந்தல் எங்கை போடுறது? சனம் எங்கை இருக்கும், கார் விடுற இடத்திலையோ? பிறகு நினைச்சன், இஞ்சை மட்டும் சனம் எங்கை இருக்கு? போன மாசியிலை மூண்டாம் வீட்டுச் செத்தவீட்டிலை பெட்டி தூக்க ஆம்பிளையள் காணாமல் சுன்னாகத்திலை இருந்து கூலிக்கு ஆள் பிடிச்சவை. அப்ப இஞ்சை இருந்தென்ன, அங்கை இருந்தென்ன? அங்கை எண்டால் சாகிற மட்டுமெண்டாலும் காத்தாவது வரும். இப்பிடி நினைச்சு வாங்கிறதெண்டு முடிவெடுப்பன். விடிய எழும்பிக் கிணத்தடிக்குப் போய் முகம் கழுவுவன், அந்தத் தண்ணி கையிலை பட, விசரோ எனக்கு இதை விட்டிட்டுப் போக எண்டு கிடக்கும். பத்து மணிக்கு முத்தம் கூட்டி நாரி, இடுப்பெல்லாம் பிடிச்சவுடனை, இந்த வளவு நாசமாப் போக, பிளாற்தான் சரி எண்டு கிடக்கும். ஒரு நாளிலை நாலு தரம் வீடு மாறினனான், இருந்த இடத்திலை இருந்துகொண்டு.

ஒழுங்கை முடிவிலை இருக்கிற பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாத்தன். வெள்ளை வந்தால் வாங்கிறது, சிவப்பு வந்தால் விடுறது. வெள்ளை வந்துது. சந்தோசப்படத்தானே வேணும்? எனக்குக் கிணத்தடி ஞாபகம் வந்துது. ஐயரிட்டை இன்னொருக்கா வைக்கச் சொன்னன். சிவப்பு வந்துது. அப்ப அழுகை வந்துது. மூண்டாம் தரம் வைக்கட்டோ எண்டு கேக்க ஐயர், "அம்மா, பிள்ளையாருக்கு வேறை வேலையும் இருக்கு" எண்டுபோட்டு உள்ளுக்குப் போயிட்டார்.

மலர் தன்ரை பங்குக்கு வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரிச்சுப் பாத்தா. ஆருக்கு ஆர் மகன், அவனுக்கு ஆர் மகன் எண்டு ஒரு பக்கம் முழுக்கப் பேர்கள். "இதிலை பிளாற்றைப் பற்றி ஒண்டுமில்லை குணம்" எண்டா. சிரிச்சம். ஆனா குழப்பம் குழப்பமாத்தான் கிடந்துது.

இதுக்குள்ளை ஒழுங்கை முகப்பிலை இருக்கிற கனகரத்தினம் வந்து, தன்ரை மகளுக்கு எங்கடை வளவை எடுக்கத் தயார் எண்டு சொன்னார். நல்ல மனிசன், அடிமாட்டு விலைக்குக் கேக்கேல்லை. அப்ப எனக்கு இவரின்ரை வாயாலை ஒரு சொல் வேண்டிக்கிடந்துது. சீதனக் காணியெண்டாலும் பெண்சாதி விக்கிறதெண்டால் புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கோணும். அது எங்கடை தேசவழமைச் சட்டம். அந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு இவரிட்டைப் போனன்.

"இஞ்சருங்கோ, உங்கடை கையெழுத்தும் வேணும். நீங்கள் ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. வாயைத் திறந்து சொல்லுங்கோ."

சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர். நிமிந்து பாக்கேல்லை. "எங்கை வைக்கோணும் எண்டு காட்டும், வைக்கிறன்."

"அப்ப வாங்கச் சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப வேண்டாமெண்டுறியளோ?"

"அப்பிடியும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரி கிட்ட." சங்கிலியிலை இன்னொரு சொட்டு விட்டு, "கரண்ட் நிண்டால் லிப்ற் நிக்கும்" எண்டார்.

"ஜெனறேற்றர் இருக்கெண்டு அந்தப் பிள்ளை சொன்னதுதானே!"

"டீசல் இல்லாமல் ஜெனறேற்றர் ஓடாது. அந்த வருசம் நாடு முழுக்க எண்ணெய் இல்லாமல் வரிசையிலை நிண்டதை மறந்திட்டீரோ?"

பாருங்கோ, இதையெல்லாம் வச்சு ஒரு மனிசி என்ன முடிவெடுக்கிறது? கிட்ட எண்டுறார், நிக்கும் எண்டுறார். ஒரு காலை அங்கையும் ஒரு காலை இஞ்சையும் வச்சுக்கொண்டு நிக்கிற மனிசனிட்டை வழி கேட்டால் இப்பிடித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு எண்ணெய்ப் போத்திலைத் தூக்கி வேலிக்கு மேலாலை எறிஞ்சனான். அது மலரின்ரை வளவுக்கை விழுந்து, மலர் திருப்பிக் கொண்டந்து தந்தவ.

தனுசியா வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் நாலாம் மாடியை எங்களுக்கெண்டு வச்சிருக்கலாம் எண்டு சொன்னது. லண்டனிலை இருந்து வேறை ஆக்களும் அதைக் கேக்கினமாம். கோபி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "என்னம்மா முடிவு?" எண்டு கேக்கிறான். "முடிவு வந்தால் உனக்கு அறிவிப்பன்" எண்டு போனை வைச்சன். பெத்த பிள்ளையோடை நான் அப்பிடிக் கதைக்கிறதில்லை.

புதன்கிழமை இவர் காலமை வெளிக்கிட்டு மத்தியானம் வந்தார். சட்டை முதுகோடை ஒட்டிக்கிடந்துது. எங்கை போனனீங்கள் எண்டு கேக்க, "ரவுணுக்கு." வியாழக்கிழமையும் அப்பிடித்தான். அண்டைக்குத்தான் விறாந்தையிலை கைக்கதிரையும் இல்லாததைக் கண்டன்.

"கதிரை எங்கை?"

"கால் ஆடுது. திருத்தக் குடுத்தனான்."

அந்தக் கதிரை முதிரை மரம், என்ரை அப்பா செய்விச்சது, அது ஆடினதை நான் ஒரு நாளும் காணேல்லை. பின்கால் ரண்டும் தேஞ்சிருக்கிறது உண்மை. எனக்கு வேறை யோசினையள் இருந்தபடியால் விட்டிட்டன். இரவு சாப்பிடேக்கை இவருக்குப் புட்டைக் குழைக்கக் கை நடுங்கிச்சுது. வயசு போகுது எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நினைச்சன், நான் ஒரு விசரி.

வெள்ளிக்கிழமை விடிய எழும்பிப் பாக்க இவர் ஏற்கனவே போயிட்டார். தேத்தண்ணி கூடக் குடிக்கேல்லை. சைக்கிள் நிக்குது, ஆளைக் காணேல்லை. அப்ப எனக்கு மண்டை வெடிச்சுது. வீடு என்ரை சீதனம், மகன் என்ரை மகன், முடிவும் நானே எடுக்கிறன், போய் நாலாம் மாடிக்குக் கையெழுத்து வைச்சுப்போட்டு வந்து இந்த மனிசன்ரை முன்னாலை கடதாசியைப் போடுறன் எண்டு சேலையை மாத்தினன். ஓட்டோக்காரனைக் கூப்பிட்டு ஏறினன். இணுவில் தாண்டேக்கை அந்தக் காத்தை நினைச்சன். சந்தோசமா இருந்துது. கோண்டாவில் தாண்டேக்கை எங்கடை கிணத்தை நினைச்சு அழுதன். ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளாலை பாத்து, "என்னம்மா, செத்தவீட்டுக்கோ?" எண்டு கேட்டான். ரோட்டைப் பாத்து ஓடு எண்டன்.

வடலிக்குப் போய்ச் சேர ஒம்பதரை. காவலுக்கு நிக்கிற கனிசியஸ், அம்பது வயசு மனிசன், என்னைக் கண்டவுடனை கதிரையிலை இருந்து எழும்பி ஒரு மாதிரி முழிச்சார். "அக்கா... தனுசியா இன்னும் வரேல்லை. இஞ்சை இருங்கோவன்" எண்டார். அவரின்ரை முழியிலை எனக்கு ஏதோ பட்டுது. அந்த நேரம்தான் படிக்கட்டுப் பக்கத்தாலை சத்தம் கேட்டுது.

டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குசினியிலை விழுந்த அண்டைக்கு என்ரை தலைக்குள்ளை மிஞ்சின ஒரே சத்தம் அது.

மாடிப்படி ஏறாதையுங்கோ எண்டு டொக்டர் சொன்னதெல்லாம் மறந்து போச்சுது. கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு ஏறினன். கனிசியஸ் பின்னாலை, "அக்கா, அக்கா" எண்டு கொண்டு வாறார். முதலாம் மாடி தாண்டி, ரண்டாம் மாடிக்குப் போகேக்கை சத்தம் நிண்டிட்டுது.

ரண்டாம் மாடிப் படி திரும்பிற இடத்திலை என்ரை கைக்கதிரை. அதிலை ஒரு சீமெந்துப் பை, சாரத்தாலை சுத்திக் கட்டியிருக்கு. பக்கத்திலை நிலத்திலை இவர், காலை நீட்டிக்கொண்டு, சுவரிலை சாஞ்சு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். சட்டை பிழிஞ்சு விடலாம். ரண்டு கையும் மடியிலை கிடந்து தன்பாட்டிலை நடுங்குது.

"என்ன செய்யிறியள் இஞ்சை?" நான் கத்தின கத்து ஆறாம் மாடி மட்டும் கேட்டிருக்கும்.

இவருக்கு மூச்சு வர நேரம் எடுத்துது. "பாத்தன்" எண்டார்.

"என்னத்தை?"

"கரண்ட் இல்லாத நேரம் உமக்கு ஏதும் எண்டால்... நாலிலை இருந்து இறக்கேலுமோ எண்டு."

ஊரிலை எல்லாரும் பெட்டி பெட்டி எண்டு சிரிச்சம். மலர் சிரிச்சா, நானும் சிரிச்சன், சிரிச்சுப்போட்டு இந்த மனிசனைத் திட்டினன். ரண்டுக்குமில்லை எண்டு இவர் சொன்னது உண்மை. இவர் அளந்தது கதிரைக்கு. நான் உயிரோடை இருக்கிற கதிரைக்கு.

"லிப்ற் நிண்டால் படியாலைதான் வரோணும்" எண்டு இவரே தொடர்ந்தார். அவ்வளவு நீளமா இவர் கதைச்சு நான் கேட்டது குறைவு. "கதிரை திரும்பும். அளந்து பாத்தனான், திரும்பும். கனிசியஸ்தான் பையை லிப்ற்றிலை ஏத்தித் தந்தவர். புதனும் பாத்தன், நேற்றும் பாத்தன். நாலிலை இருந்து ரண்டு வரைக்கும் வாறன். அதுக்குப் பிறகு கை விடுது. கை விட்டால் நீர்..." முடிக்கேல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? நீர் அந்தக் காத்திலை நிண்டு சிரிச்சனீர். வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்லை. ஆஸ்பத்திரி ஆறு நிமிசம், வேண்டாம் எண்டு சொல்லவும் பயம். வாங்கச் சொல்லி, ஒரு நாளைக்கு என்னாலை ஏலாமல் போனால்... அதுவும் பயம். அதுதான் இண்டைக்கு ஒருக்கா, வெறுவயித்தோடை பாத்தால் இறக்கலாமோ எண்டு..."

கண்ணெல்லாம் எனக்கு மறைச்சுப் போச்சுது. சேலைத் தலைப்பாலை முதல் இவரின்ரை முகத்தைத் துடைச்சன், பிறகு என்ரை முகத்தை. கோபமும் வந்துது, அழுகையும் வந்துது, எது முதல் வந்தது எண்டு தெரியாது. பிறகுதான் அந்தச் சீமெந்துப் பையைப் பாத்தன். அதிலை எழுதியிருக்கு, அம்பது கிலோ.

"இஞ்சருங்கோ. இது அம்பது கிலோ. என்ரை கிளினிக் கொப்பியிலை அறுபத்தெட்டு."

"தெரியும்" எண்டார், நிலத்தைப் பாத்துக்கொண்டு.

கனிசியஸ் எங்கையோ போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். ரண்டு பேரும் படியிலை இருந்து மாறி மாறிக் குடிச்சம். மேலை நாலாம் மாடிப் பக்கத்தாலை அந்தக் காத்து படிக்கட்டுக்குள்ளாலை இறங்கி வந்துது. நல்ல காத்துத்தான். நான் அதைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு இருந்தன்.

"எழும்புங்கோ" எண்டன். "பையை அவிட்டு இஞ்சை விடுங்கோ. கதிரையைக் கனிசியஸ் முதலாம் மாடிக்கு இறக்கட்டும்."

"ஏன்?"

"எழும்புங்கோ எண்டுறன்."

முதலாம் மாடியிலை, அந்த மாட்டுக் கொட்டிலின்ரை கதவுக்கு முன்னாலை, கதிரையை வைச்சு நான் ஏறி இருந்தன். சாரத்தை இடுப்போடை நானே கட்டினன். இவர் பதறிப் போனார். "விசரோ உமக்கு? களைச்சுப் போய் நிக்கிறன்."

"களைச்சால்தான் சரி. நான் விழேக்கை நீங்கள் நித்திரை கொண்டு எழும்பி வந்து இறக்கப் போறியளோ? கனிசியஸ் முன்னாலை வரட்டும். பிடிக்கக் கூடாது, விழுந்தால் மட்டும் பிடிக்கலாம்."

அந்த நேரம் பாத்துத்தான் தனுசியா பைலோடை வந்து சேந்தது. கீழை நிண்டு அண்ணாந்து பாத்து, ரண்டு கையாலையும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுது.

கதிரை பின்னுக்குச் சாஞ்சுது. இவரின்ரை மூச்சு என்ரை காதுக்குப் பக்கத்திலை. டக். நான் எண்ணத் தொடங்கினன். ஏழாவது படியிலை இவர் நிண்டார். கதிரையின்ரை கை நடுங்கிறது எனக்குத் தெரியுது. நான் மூச்சு விடேல்லை, மூச்சு விட்டால் பாரம் கூடும் எண்டு எந்த முட்டாள் எனக்குச் சொன்னதோ தெரியாது. பிள்ளையாரே எண்டு மனசுக்குள்ளை சொன்னன், இதுக்காவது நேரம் இருக்குமோ எண்டு. டக். எட்டு. டக். ஒம்பது. பதினெட்டாவது படியோடை என்ரை கால் நிலத்திலை பட்டுது.

இவர் கதிரையின்ரை முதுகிலை நெத்தியை வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டார். கனநேரம் நிண்டார்.

"பத்து வருசத்துக்குப் பிறகு?" எண்டு பின்னாலை இருந்து கேட்டார்.

"அதுக்குள்ளை நான் மெலிஞ்சிடுவன்."

தனுசியாவைக் கூப்பிட்டன். "பிள்ளை, முதலாம் மாடி இன்னும் இருக்குதெல்லோ?"

"இருக்கு அன்ரி... ஆனா அது ஜெனறேற்றர் பக்கம். காத்து வராதெண்டு நீங்கள்தானே..."

"ஓம், வராது."

பிறகு கோபிக்குப் போன் அடிச்சுச் சொன்னன். அவன் அங்கை நித்திரையாலை எழும்பி, "அம்மா, உங்களுக்கு விசரே? நாலாம் மாடியிலை எவ்வளவு வடிவான வியூ!" எண்டு கத்தினான். "அந்த வியூவைத் தூக்கிக்கொண்டு இறங்க உன்ரை அப்பாவாலை ஏலாது" எண்டன். அவனுக்கு விளங்கேல்லை. பிறகு விளங்கப்படுத்திறன் எண்டு போனை வைச்சன்.

செய்தது சரியோ பிழையோ எனக்கு இப்பவும் தெரியாது. கிணத்தடியை நினைச்சால் அழுகை வருது, அந்த மதிலை நினைச்சால் எரிச்சல் வருது. தனுசியா பைலை விரிச்சு, ரண்டு பேரும் கையெழுத்து வைக்கிற கடதாசியை எடுத்துது. நான் என்ரை கையெழுத்தை வைச்சன். பேனையை இவரிட்டை நீட்டினன். இவரின்ரை கை நடுக்கம் இன்னும் நிக்கேல்லை, பேனை பிடிக்க ஏலாமல் கிடந்துது.

"எங்கை வைக்கோணும் எண்டு காட்டும்" எண்டார்.

நான் கதிரையிலை இருந்தபடி, இவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, இடத்தைக் காட்டினன்.